கொழுப்பு மாத்திரை: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா?

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரும் மருந்துக்கடைக்கு வருகிறார், மாஸ்டர் செக்கப்பில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 148 என்று பார்த்துப் பயந்துபோனவரும் வருகிறார். இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டு வேற ஏதாவது எடுத்துக்கலாமா?"

கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் வேறு வேறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரைக்கு மாற்று என்றால் இன்னொரு மாத்திரை, இல்லாவிட்டால் ஊசி. சமையலறையில் அவருக்கு மாற்று கிடையாது, துணைதான் உண்டு. இரண்டாமவருக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால் உணவு, நடை, எடை என்று ஒரு வழி நிஜமாகவே இருக்கிறது. இப்போதைக்கு மாத்திரையே வேண்டாம் என்று கூட மருத்துவர் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கொலஸ்ட்ராலைக் கரைக்கும் பத்து பொருட்கள்' எல்லாம் இந்த இருவரையும் ஒரே ஆளாக வைத்து எழுதப்படுபவை. எனக்கு அவற்றோடு உள்ள தகராறு அதுதான்.

நான் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிற மருந்தாளுநர். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் உட்கார்ந்து பேசும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எவ்வளவு வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்காகத்தான் இது.

எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம்

மாற்று தேடும் முன் இருக்கிற மருந்தின் கணக்கு தெரிய வேண்டும். கொழுப்பு மாத்திரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஸ்டாட்டின்: அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும்தான் இங்கே அதிகம் ஓடுகின்றன. ஜப்பானில் சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து 1973ல் கண்டெடுத்த பொருளிலிருந்து கிளைத்த குடும்பம் இது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை இது மறிக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது.

எண் இறங்குவது மட்டும் என்றால் இவ்வளவு பேசத் தேவையில்லை. 1994ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரைச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் ஒரு கணக்கு நிலைத்துவிட்டது: எல்டிஎல் 39 மி.கி. (ரிப்போர்ட்டில் உள்ள எண்ணில் 39) இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும்.

ஐந்தில் ஒரு பங்கு என்றால் எதில் ஐந்தில் ஒரு பங்கு? இங்கேதான் ஸ்டென்ட் வைத்தவரும் 148காரரும் பிரிகிறார்கள். 2016ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பு இதை நேராகவே போட்டுக் காட்டியது. வீரியமான அளவில் ஐந்து ஆண்டுகள் ஸ்டாட்டின் கொடுத்து எல்டிஎல்லை 77 மி.கி. வரை இறக்கினால், ஏற்கெனவே நோய் வந்த 10,000 பேரில் சுமார் 1,000 பேருக்குப் பெரிய பாதிப்பு தவிர்க்கப்படும். நோய் வராத, ஆனால் ஆபத்து கூடுதலாக உள்ள 10,000 பேரில் சுமார் 500 பேருக்கு. எதிர்ப்பக்கத்தில் அதே 10,000 பேரில் 5 பேருக்குத் தசை கடுமையாகப் பாதிக்கப்படலாம், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம், 5 முதல் 10 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். ஆபத்தே குறைவாக உள்ள ஒருவருக்குப் பலன் 500 என்ற எண்ணைவிடவும் சின்னதாகிவிடும். அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

வலி மாத்திரையால்தானா?

புகார்களில் முதலிடம் கை கால் வலிக்கு. கவுண்டரில் நடக்கும் பேச்சு ஒன்று:

"தம்பி, இந்த மாத்திரை போட்டதுல இருந்து முட்டி வலி தாங்கல."

"எந்த முட்டிங்கம்மா?"

"வலது முட்டிதான். மாடி ஏறினா உயிர் போகுது."

"இடது?"

"அது நல்லாத்தான் இருக்கு."

மாத்திரை வலது கால், இடது கால் என்று பிரித்துப் பார்க்காது. ஸ்டாட்டின் தரும் வலி மூட்டில் அல்ல, தசையில் வரும். இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், இடுப்பு, தோள் என்று இரு பக்கமும் ஒன்றாக வரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். நிறுத்தினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும், மறுபடி தொடங்கினால் திரும்பும். ஒரு முட்டி மட்டும் மாடிப்படியில் வலித்தால் அந்த அம்மா பார்க்க வேண்டியது எலும்பு மருத்துவரை.

இதில் ஒரு விசித்திரமான ஆய்வு உண்டு. லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு, 2020ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை, நான்கு பாட்டில் காலி. மாதம் ஒரு பாட்டில், அன்றன்றைய வலியைக் கைபேசியில் குறிக்க வேண்டும். மாத்திரையே இல்லாத மாதத்தில் தொந்தரவு குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் மாதத்தில் கூடியது. வெற்று மாத்திரை மாதத்திலும் ஏறக்குறைய அதே அளவு கூடியது! ஸ்டாட்டின் தந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்திருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலித்தது உண்மை. அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைக்குள் இருந்த மருந்தல்ல, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பு. முடிவு தெரிந்த பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள்.

2022ல் பல பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே கதை. தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6 சதவீதம். முதல் வருடத்தில் மட்டும் ஆயிரம் பேருக்குப் பதினொன்று பேர் கூடுதல். அதாவது மருந்தால் வலி வருகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், ஆனால் அப்படி நினைப்பவர்களில் அவர்கள் சிறுபான்மை. நீங்கள் அந்தச் சிறுபான்மையில் ஒருவராகவும் இருக்கலாம் என்பதால் யாருடைய வலியையும் "சும்மா மனசுல நினைச்சுக்கறீங்க" என்று தள்ளிவிடுவது சரியில்லை. நிறுத்திப் பார்த்து, மறுபடி தொடங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

உண்மையாகவே பயப்பட வேண்டியது தசை சிதைவு. வலி கடுமையாகி, எழுந்து நிற்கவே பலமில்லாமல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை போக வேண்டும். சிறுநீரகம் கெட்டுவிடும். லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு வருகிற அரிய நிலை இது. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தில் இது அதிகமாக வந்ததால் 2001ல் பேயர் நிறுவனம் அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இது யாருக்கு வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கூடவே வேறொரு மருந்து இருக்கும். நம் ஊர் உதாரணம் படர்தாமரை. இப்போது லேசில் போகாத படர்தாமரைக்கு இட்ரகோனசோல் கேப்சூலை வாரக்கணக்கில் எழுதுகிறார்கள். அது உடலில் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் கரைந்து வெளியேறுவதைத் தடுக்கும். அப்போது நீங்கள் விழுங்கியது 20 மி.கி. ஆனாலும் ரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். தோல் மருத்துவருக்கு நீங்கள் எடுக்கும் இதய மருந்து தெரியாது, இதய மருத்துவருக்கு உங்கள் படர்தாமரை தெரியாது. இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு மருந்துக்கடைக்குத்தான், அதுவும் இரண்டையும் ஒரே கடையில் வாங்கினால். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து ஆகியவற்றோடும் இதே சிக்கல். கிரேப்ஃப்ரூட் சாறும் அப்படியே. அதன் உறவான பம்ப்ளிமாஸையும் தினமும் சாப்பிடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை விஷயம் வதந்தி இல்லை, ஸ்டாட்டின் அதைக் கூட்டத்தான் செய்கிறது. குறைந்த, நடுத்தர அளவில் புதிய சர்க்கரை நோய் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, வீரியமான அளவில் 36 சதவீதம் என்று 2024ல் வந்த தொகுப்பு சொல்கிறது. ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்றவர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களைக் கொஞ்சம் முன்கூட்டியே அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. நம் ஊரில் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் ஏராளம் என்பதால் மாத்திரை தொடங்கும்போதே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்து வைப்பது நல்லது. அதற்காக ஸ்டாட்டினை விடுவதா? ஏற்கெனவே சர்க்கரை வந்தவருக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல், அதனால் ஸ்டாட்டினின் பலனும் கூடுதல்.

கல்லீரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறில் ஒருவருக்கு நொதி அளவு மும்மடங்குக்கு மேல் ஏறலாம், அளவைக் குறைத்தால் இறங்கிவிடும். அடிக்கடி கல்லீரல் பரிசோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்க மருந்து ஆணையம் 2012லேயே எடுத்துவிட்டது. கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்பதற்காக ஸ்டாட்டினை ஒதுக்கவும் தேவையில்லை. மறதி பற்றிய புகாரும் அட்டைக் குறிப்பில் இருக்கிறது. அது வருவதும் குறைவு, நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

ஒரு கேப்சூலுக்குள் இரண்டு மருந்து

மாற்றுகளுக்குள் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டென்ட் வைத்தவர்கள் வாங்கும் கேப்சூலின் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பல சமயம் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.யோடு ஆஸ்பிரின் 75 மி.கி. சேர்ந்திருக்கும். ரோசுவாஸ்டாட்டினோடு க்ளோபிடோக்ரெல் சேர்ந்ததும் உண்டு. "கால் வலிக்குது, கொழுப்பு மாத்திரையை ஒரு மாசம் விட்டுப் பார்க்கிறேன்" என்று வீட்டிலேயே முடிவு செய்கிறவர், தெரியாமலே ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார். ஸ்டென்ட் புதிது என்றால் அது உயிருக்கே ஆபத்து. நிறுத்திப் பார்ப்பதானால் மருத்துவர் ஆஸ்பிரினைத் தனியாக எழுதித் தந்த பிறகுதான்.

வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய, அப்படியே தைராய்டையும் வைட்டமின் டியையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் தசை வலியும் வரும், கொலஸ்ட்ராலும் ஏறும். சிலருக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்ததும் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. சிகே என்ற தசை நொதிப் பரிசோதனையும் வலி இருக்கும்போதே எடுத்தால்தான் பயன்.

மருந்துக்கு மாற்று மருந்து

வலி மாத்திரையால்தான் என்று உறுதியான பிறகும் முதல் மாற்று அதே மாத்திரையின் குறைந்த அளவுதான். பலருக்கு இது தெரிவதில்லை: அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, சுமார் 6 சதவீதம்தான் கூடும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட 37 சதவீதம் குறைக்கும், 80 மி.கி. 50 சதவீதத்தை ஒட்டி. மருந்து எட்டு மடங்கு, பலன் கூடுவதோ பதின்மூன்று பதினான்கு சதவீதப் புள்ளி. பக்கவிளைவு மட்டும் அளவோடு சேர்ந்தே ஏறும். ரோசுவாஸ்டாட்டினில் இன்னொரு விஷயம், ஆசியர்களின் ரத்தத்தில் அது மேற்கத்தியரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்குகிறது. அமெரிக்க மருந்துக் குறிப்பே ஆசியர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறது. ஒல்லியான, வயதான பாட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே 20 மி.கி. எழுதப்பட்டிருந்தால் "குறைச்சுப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது, வேறு ஸ்டாட்டின். அட்டோர்வா ஒத்துக்கொள்ளாதவருக்கு ரோசுவா ஒத்துக்கொள்ளலாம். பிடாவாஸ்டாட்டின் என்று இன்னொன்று இருக்கிறது, மற்ற மருந்துகளோடு மோதல் குறைவு. சர்க்கரையைத் தொடாது என்று சொல்லி இதை விற்பார்கள், அதை முழுதாக நம்ப வேண்டாம். 2023ல் வந்த ரிப்ரீவ் ஆய்வில் இதிலும் சர்க்கரை நோய் சற்றுக் கூடியது. ஒன்றுவிட்டு ஒருநாள் ரோசுவாஸ்டாட்டின் என்பதும் மருத்துவர்கள் கையாளும் வழிதான், அது உடலில் நீண்ட நேரம் தங்கும் என்பதால்.

அடுத்தது எசெட்டிமைப் 10 மி.கி. மாற்றுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது, இங்கே சரியாகப் பயன்படுத்தப்படாததும் இதுதான். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதை மறிக்கிறது. தசைக்குத் தொந்தரவு தருவது அரிது. தனியாகக் கொடுத்தால் எல்டிஎல் 18 முதல் 20 சதவீதம் இறங்கும், ஸ்டாட்டினுக்கு ஈடாகாது. ஆனால் குறைந்த அளவு ஸ்டாட்டினோடு சேர்த்தால் ஆட்டமே மாறுகிறது. கொரியாவில் 3,780 இதயநோயாளிகளிடம் நடந்த ரேசிங் ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. ஒரு பக்கம், ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.யும் எசெட்டிமைபும் இன்னொரு பக்கம். மூன்று ஆண்டில் மாரடைப்பு போன்றவை இரண்டு பக்கமும் ஒன்றுதான், 9.9க்கு 9.1 சதவீதம். ஒத்துக்கொள்ளாமல் மருந்தைக் குறைத்தவர்கள் அல்லது விட்டவர்கள் மட்டும் 8.2க்கு 4.8 சதவீதம். எல்டிஎல் 70க்குக் கீழே போனவர்களும் சேர்ப்பு மருந்துப் பக்கமே அதிகம். இரண்டும் சேர்ந்த மாத்திரை இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது.

பெம்பெடோயிக் அமிலம் ஸ்டாட்டினே முடியாது என்பவர்களுக்கு. 180 மி.கி., தினம் ஒன்று. இது கல்லீரலுக்குள் போனால்தான் வேலை செய்யத் தொடங்கும், தசையில் அதைத் தட்டியெழுப்பும் நொதி இல்லை. அதனால் தசை வலி பிரச்சினை குறைவு. ஸ்டாட்டினைத் தாங்க முடியாத 13,970 பேரிடம் நடந்து 2023ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு போன்றவை 13 சதவீதம் குறைந்தன. இதற்கும் விலை உண்டு: யூரிக் அமிலம் ஏறும், கவுட் என்ற மூட்டு வீக்கம் வரலாம், பித்தப்பைக் கல்லும் சற்று அதிகம். ஏற்கெனவே கால் பெருவிரல் வீங்கித் துடித்த அனுபவம் உள்ளவர் இதை வாங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஊசிகள் கடைசி. எவலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் எல்டிஎல்லைச் சுமார் 60 சதவீதம் வெட்டுகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. மாரடைப்பைக் குறைப்பதற்கும் 2017, 2018ல் பெரிய ஆய்வுச் சான்று வந்துவிட்டது. இன்க்ளிசிரான் தொடக்கத்தில் இரண்டு ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல் பாதியாகும். தினமும் மாத்திரை போட மறப்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. விலைதான் மலைக்க வைக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மாத்திரை சில ரூபாய், ஜெனரிக் கடையில் இன்னும் குறைவு. இந்த ஊசிகளுக்கு ஆகும் செலவில் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமே அடங்கிவிடும். பரம்பரையாக எல்டிஎல் 190க்கு மேல் நிற்பவர்களுக்கும், ஸ்டென்ட் வைத்தும் மாத்திரைகளால் எண் இறங்காதவர்களுக்கும் இவை வரம். வெறும் கால் வலிக்காக இங்கே தாவத் தேவையில்லை.

ஃபெனோஃபைப்ரேட்டை ஸ்டாட்டினுக்கு மாற்றாக நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. அது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்புக்கான மருந்து, அந்தக் கொழுப்பு மிக அதிகமாக ஏறியவருக்குக் கணைய அழற்சி வராமல் காக்கும். எல்டிஎல் வேலைக்கு அது ஆள் இல்லை. நியாசின் என்ற வைட்டமின் மருந்தை மறந்துவிடலாம். இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது.

சமையலறைக்குள்

பூண்டு, மஞ்சள், பட்டை. இந்த மூன்றும் ஸ்டாட்டினோடு நேருக்கு நேர் மோதிய ஆய்வு ஒன்று உண்டு. 2022ல் வெளியான ஸ்போர்ட் ஆய்வில் ரோசுவாஸ்டாட்டினின் மிகக் குறைந்த அளவான 5 மி.கி.யை ஒரு குழுவுக்கும், மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால் (செடிகளில் உள்ள, கொலஸ்ட்ரால் போன்ற பொருள்), சிவப்பு ஈஸ்ட் அரிசி (பூஞ்சையால் புளிக்கவைத்துச் சிவந்த அரிசி) ஆகியவற்றின் மாத்திரைகளை ஆளுக்கு ஒன்றாக மற்ற குழுக்களுக்கும், வெற்று மாத்திரையை இன்னொரு குழுவுக்கும் 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறவே செய்தது! ரசத்தில் தட்டிப் போடும் பூண்டை விடச் சொல்லவில்லை. ருசிக்குப் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாகப் போடாதீர்கள். வெந்தயம், மருதம்பட்டை பற்றி வந்திருக்கும் ஆய்வுகள் சிறியவை. அவற்றை நம்பி ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை விடுவது சூதாட்டம்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இயற்கை மாற்று' என்று இணையக் கடைகளில் அதிகம் விற்பது இதுதான். அதில் வேலை செய்யும் பொருளின் பெயர் மொனாகோலின் கே. மருந்துக்கடையில் அதன் பெயர் லோவாஸ்டாட்டின், 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின். இரண்டும் ஒரே மூலக்கூறு. ஸ்டாட்டின் வேண்டாம் என்று ஓடி வந்தவர், அளவு எழுதாத பாட்டிலில் ஸ்டாட்டினைத்தான் சாப்பிடுகிறார். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சும் சில தயாரிப்புகளில் கலந்திருக்கும். 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பு ஈஸ்ட் மாத்திரைகளால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை திரும்பப் பெறப்பட்டன. அந்த விவகாரத்தில் வேறொரு பூஞ்சை நச்சும் மாட்டியது.

ஆனால் உணவால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதும் தவறு. மாத்திரையாக அடைத்த பூண்டு தோற்ற இடத்தில், முழுச் சாப்பாட்டை மாற்றியது ஜெயித்திருக்கிறது. டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003ல் 46 பேருக்கு ஒரு மாதம் தாங்களே உணவு கொடுத்துப் பார்த்தது. பார்லி, ஓட்ஸ், இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், தாவர ஸ்டீரால். இதைச் சாப்பிட்ட குழுவுக்கு எல்டிஎல் 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாட்டின் 20 மி.கி. எடுத்த குழுவுக்கு 30.9. கிட்டத்தட்ட சமம். பிறகு அதே உணவை, வீட்டில் நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பியபோது ஆறு மாதத்தில் இறங்கியது 13, 14 சதவீதம். பாதி. மனிதர்கள் மனிதர்கள்தானே. அந்தப் பாதியும் எசெட்டிமைபுக்குப் பக்கத்தில் வருகிற எண் என்பதைக் கவனியுங்கள்.

நம் வீட்டில் இது எப்படி இருக்கும்? வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஏற்கெனவே இருக்கின்றன, எண்ணெயில் குளிக்காமல் சமைத்தால் போதும். இசப்கோல் தினம் 10 கிராம் அளவில் எல்டிஎல்லைச் சுமார் 13 மி.கி. குறைக்கும், மலச்சிக்கலுக்கு வாங்கும் அதே தவிடுதான். நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். பாதாம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

எண்ணெயில் கொஞ்சம் கசப்பான செய்தி. தேங்காய் எண்ணெய் மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது எல்டிஎல்லைச் சுமார் 10 மி.கி. ஏற்றுகிறது என்று 2020ல் பதினாறு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். செக்கில் ஆட்டினாலும் அதன் கொழுப்பின் குணம் மாறாது. ரேஷன் பாமாயிலிலும் நிறைவுற்ற கொழுப்பு நல்லெண்ணெய், கடலை எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கு மேல். வடை, பஜ்ஜிக்கு மட்டும் பாமாயில் என்பவர்கள் வாரத்தில் எத்தனை நாள் வடை என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் சோறு. மூன்று வேளையும் அரிசி என்றால் ஏறுவது எல்டிஎல்லைவிட டிரைகிளிசரைடு. நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் இறங்கும். நம்மவர்களின் ரிப்போர்ட்டில் அடிக்கடி காணும் ஜோடி இது. நடைப்பயிற்சியும் எடை குறைப்பதும் இந்த ஜோடிக்கு நன்றாக வேலை செய்யும், எல்டிஎல்லில் அவற்றின் பங்கு சிறியது. தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் எல்டிஎல் அசையவில்லை என்று மனம் நொந்துபோக வேண்டாம், நடையின் லாபம் வேறு இடத்தில் வரும்.

யாருக்கு எது

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் வந்தவருக்கு இந்திய இதயவியல் சங்கம் 2024ல் சொன்ன இலக்கு எல்டிஎல் 55க்குக் கீழே. உணவை மட்டும் வைத்து அங்கே போக வழியே இல்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் குறைத்து எசெட்டிமைப் சேர்ப்பது, வேறு ஸ்டாட்டின், பெம்பெடோயிக், ஊசி என்ற வரிசையில் இறங்க வேண்டும். வலியைச் சோதிக்க மருத்துவர் சொல்லி நிறுத்துவது தவிர, இடையில் எங்கும் காலி மாதம் இருக்கக் கூடாது. பரம்பரைக் கொழுப்புக்காரரும் இதே வழிதான், அவர் பிள்ளைகளுக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு நடுத்தர அளவு ஸ்டாட்டின் பொதுவாக எழுதப்படும். இவர் பக்கவிளைவைப் பற்றிப் பேரம் பேசலாம், மருந்தே வேண்டாம் என்பது நல்ல பேரம் அல்ல.

148காரர், வயது 45, புகை இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, வீட்டில் யாருக்கும் இளவயது மாரடைப்பு இல்லை. இவருக்கு நான் அவசரப்பட மாட்டேன். மூன்று மாதம் இசப்கோல், எண்ணெய் மாற்றம், எடை. அப்படியும் இழுபறி என்றால் லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தக் கொழுப்பு வகையை ஒருமுறை பார்க்கலாம், அது பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். இதயக் கால்சியம் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, சிடி ஸ்கேனில் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மதிப்பெண் பூஜ்யம் வந்தால் மாத்திரையைச் சில வருடம் தள்ளிப்போட மருத்துவர் ஒத்துக்கொள்ளக்கூடும். நூறுக்கு மேல் வந்தால் இவரும் ஸ்டென்ட் வைத்தவர் பக்கம் நகர்ந்துவிடுகிறார். இதே ஆளின் அப்பா 48 வயதில் மாரடைப்பில் போனவர் என்றால் மேலே சொன்ன நிதானமெல்லாம் எனக்கு இருக்காது.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்துவது வழக்கம்.

"ஒருமுறை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" என்று பயந்தே தொடங்காதவர்கள் உண்டு. இது போதை மருந்தல்ல. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல்லும், அதோடு அதன் ஆபத்தும் பழைய இடத்துக்குத் திரும்பும்.

எந்த மாற்றம் செய்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் முழுப் பலனும் தெரியாது. வெறும் வயிறு கட்டாயமில்லை, டிரைகிளிசரைடு 400க்கு மேல் இருப்பவர்கள் மட்டும் சாப்பிடாமல் போக வேண்டும். அந்த அளவுக்கு மேல் போனால் பல லேபுகள் போடும் எல்டிஎல் கணக்கே தப்பாக வரும். நேரடி எல்டிஎல் என்று கேட்டு எடுக்கலாம். பழைய ரிப்போர்ட்டையும், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தப் படர்தாமரை சீட்டு உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.